ஓடுதுனு விட்டுடாதீங்க: லினக்ஸ் சர்வரின் பழைய நெட்வொர்க் ஃபைல்களை இப்பவே மாத்துங்க

"ஓடுற சர்வர்ல கைய வைக்காதே." ஐ.டி. டீம்களில் இதைச் சொல்லாத சீனியர் இல்லை. ரெட் ஹேட் லினக்ஸ் 9 வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டால் சிக்கல்தான்.

ஐ.பி. முகவரி, கேட்வே, டி.என்.எஸ். விவரங்கள் இருக்கும் பழைய 'ஐஎஃப்சிஎஃப்ஜி' ஃபைல்களை 9-ம் பதிப்பு இன்னும் படிக்கிறது. 2025 மே மாதம் வந்த 10-ம் பதிப்பு படிக்காது. ஃபைலை அப்படியே கொண்டுபோனால் அது சும்மா கிடக்கும். அதில் எழுதிய ஐ.பி. சர்வருக்குக் கிடைக்காது. மெஷின் வேற ஊர் டேட்டா சென்டரில் இருந்தால் ரிமோட் லாகினும் போச்சு. சரிசெய்ய உள்ளே போகும் வழியே அதுதானே!

9-ல் இருக்கும்போதே மாற்றுவது சுலபம். நெட்வொர்க் மேனேஜரின் 'என்எம்சிஎல்ஐ' கருவியில் 'கனெக்‌ஷன் மைக்ரேட்' கமாண்ட் கொடுத்தால், எல்லாம் புதிய 'கீஃபைல்' வடிவத்துக்கு வந்துவிடும். பிரச்சினை என்றால் பழையபடி திருப்பவும் முடியும். 10-ல் அந்த வசதி கிடையாது.

ஆனா, யாரோ எப்பவோ எழுதிவைத்துவிட்டு வேலையை விட்டுப்போன 'இஃப்அப்-லோக்கல்' ஸ்கிரிப்டை இந்தக் கமாண்ட் கண்டுக்காது. அதைத் தேடிப் படித்து, டிஸ்பேட்சர் ஸ்கிரிப்டாக எழுதணும். நேரம் பிடிக்கிற வேலை இதுதான். அப்கிரேடு நடக்கும் ராத்திரியில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது.