சீட்டு பேசுகிறதா, சீட்டுக்காரர் பேசுகிறாரா?

ஆயர் ஈத்தாம் பக்கத்தில் வருங்காலத்தைக் கேட்டறிய விரும்புகிறவருக்கு வழிக்குப் பஞ்சமில்லை. சீனக் கோயிலுக்குப் போனால் மூங்கில் குழாயைக் குலுக்கிக் குச்சி விழவைத்து, அந்த எண்ணுக்குரிய பலனைப் படித்துக்கொள்ளலாம். பட்டணத்துக்கு இறங்கினால், லிட்டில் இந்தியா அஞ்சடியில் கிளிக்கூண்டோடு உட்கார்ந்திருக்கும் சோதிடரை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இவை போதாதென்று, இப்போது கைத்தொலைபேசியிலேயே டாரட் சீட்டுப் பாடமும் வந்துவிட்டது. சில வாரம் படித்தால் போதும், பலனும் சொல்லலாம், பணமும் பார்க்கலாம் என்கிறார்கள். நம் பிள்ளைகளிலும் சிலருக்கு இதைக் கற்கும் ஆசை பிறந்திருக்கிறது.

கற்கட்டும், தோழர்களே! எதையும் கற்பது குற்றமாகாது. ஆனால் கற்கப் போகிறவர் முதலில் ஒரு கேள்விக்கு விடை தேடவேண்டும். பலன் சொல்லுவது சீட்டா, சீட்டைப் பிடித்திருக்கும் மனிதரா?

டாரட் சீட்டின் பிறப்பைப் பார்ப்போம். எகிப்து நாட்டு ஞானிகள் மறைத்துவைத்த இரகசியம் என்று அதற்கு ஒரு பெருமை பேசப்படுகிறது. உண்மை என்ன? 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் அது விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. 78 சீட்டு, அதில் 22 துருப்பு வகை, மற்ற 56 நம் சீட்டுக்கட்டைப்போல நாலு சாதி. சுமார் முந்நூறு ஆண்டு அதை வைத்து ஆட்டம் ஆடினார்கள். 1781-இல் பாரிசில் கூர் தெ ஜெபெலின் என்பவர்தாம் இது எகிப்தின் ஞான நூல் என்று எழுதிவைத்தார். எகிப்தின் பழைய எழுத்தைப் படிக்கும் வழி 1822-இல்தான் சாம்போலியன் என்ற அறிஞருக்குப் புலப்பட்டது. படிக்கவே தெரியாத எழுத்துக்குப் பொருள் சொன்னவரின் பேச்சுதான் இன்றைக்கும் பாடமாக விற்கிறது! இன்று கடைகளில் அதிகம் காணும் படச்சீட்டு 1909-இல் இலண்டனில் வெளிவந்தது. வெயிட் என்பவர் திட்டம் சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியப் பெண் வரைந்தார். நாம் ஆடும் 52 சீட்டின் கதையும் இதுவே. ஆட்டத்துக்குப் பிறந்த இஸ்பேடும் ஆட்டினும் பிறகு குறி சொல்லப் புகுந்தன.

வெள்ளைக்காரன் சீட்டைச் சொல்லிவிட்டு நம் கிளிச்சீட்டை விட்டுவிடுவது நியாயமல்ல. கிளிக்காரரின் கட்டில் பெரும்பாலும் 27 நட்சத்திரத்துக்கு 27 சீட்டு. சாமி படம், சில கட்டுகளில் புத்தர் படம், மாதா படம்கூட இருக்கும். கிளி வெளியே வந்து ஒரு சீட்டை இழுக்கும். ஒரு நெல்லைக் கொத்திக்கொண்டு கூண்டுக்குள் போகும். அதன் கணக்கு அந்த நெல்லோடு தீர்ந்தது. பலனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

2010-ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்து நினைவிருக்கும். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் இருந்த நம்மவர் ஒருவரின் கிளி, மணி என்று பெயர், உலகப் பத்திரிகைகளில் இடம் பிடித்தது. கொடி மறைத்த இரண்டு சீட்டில் ஒன்றை இழுக்கும். காலிறுதி ஆட்டம் நான்கும் சரி, அரையிறுதியில் ஸ்பெயின் ஜெர்மனியை வெல்லும் என்றதும் சரி. ஊரே கூண்டுக்கு முன் திரண்டது. இறுதி ஆட்டத்துக்கு மணி நெதர்லாந்தை இழுத்தது. ஸ்பெயின் 1–0 என்று வென்றது. ஐந்து தடவை சரியாக வந்ததே என்பீர்கள். இரண்டில் ஒன்றை ஐந்து தடவை சரியாக எடுப்பது 32-இல் ஒரு வாய்ப்பு. 32 கிளியை இழுக்கவிட்டால் சராசரி ஒரு கிளி அப்படி வந்துதான் தீரும். நிருபர்கள் அந்த ஒரு கூண்டுக்கு ஓடுகிறார்கள். மற்ற 31 கூண்டை யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

தமிழ்நாட்டில் 2024 ஏப்ரலில் நடந்தது இன்னும் வேடிக்கை. கடலூர் நாடாளுமன்றத் தொகுதியில் நின்ற திரைப்பட இயக்குநர் தங்கர் பச்சானுக்கு வெற்றி நிச்சயம் என்று கிளிச்சீட்டு சொல்லியது. சொன்ன கையோடு வனத்துறையினர் வந்து கிளிகளைக் கைப்பற்றி, சோதிடரைப் பிடித்து எச்சரித்து விட்டார்கள். நாட்டுக்கிளியைக் கூண்டில் அடைப்பதை அந்நாட்டின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. அரசியல் காரணம் என்றும் சிலர் குற்றம் சாட்டினார்கள், அது கிடக்கட்டும். ஜூன் மாதம் வாக்கு எண்ணியபோது வென்றவர் காங்கிரசு வேட்பாளர் விஷ்ணு பிரசாத். அடுத்தவர் வெற்றியைக் கண்ட கிளிக்குத் தன் கூண்டுக்கு வரப்போகும் அதிகாரி தெரியவில்லை!

பின் எதனால் மக்கள் "அப்படியே சொன்னார்" என்று வியக்கிறார்கள்? இரண்டு காரணம் உண்டு.

ஒன்று, கணக்கெழுதும் முறை. கிராணிமார்களே, செக்ரோலில் ஆள் வந்த நாளை மட்டும் குறித்து, வராத நாளைக் குறிக்காமலே விட்டால் என்னாகும்? தோட்டத்தில் ஒருவர்கூட ஒருநாளும் வேலைக்கு வராமல் இருந்ததில்லை என்றாகும். சீட்டுப் பலனுக்கு நாம் எழுதும் செக்ரோல் அப்படிப்பட்டது. பலித்ததை ஊர்முழுதும் சொல்கிறோம். பலிக்காததைத் தண்ணீரில் எழுதுகிறோம்.

மற்றொன்று, சொல்லும் முறை. 1948-இல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளநூல் ஆசிரியர் 39 மாணவருக்கு ஒரு சோதனை வைத்தார். பிறகு, "இது உங்கள் குணம்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதன் வாசகங்களைக் கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். "உழைப்புக்கேற்ற பலன் கிட்டவில்லை, நெருங்கியவரால் மனக்கசப்பு உண்டு" என்று எந்த லயத்துக்குள் போய்ச் சொன்னாலும் யார் இல்லையென்பார்?

வருவதை முன்கூட்டி அறிய முயல்வதே தவறென்று நான் சொல்லவில்லை. பால் வெட்டுகிறவர் விடியுமுன் வானத்தைப் பார்க்கிறார். மரத்தைத் தொட்டுப் பார்க்கிறார். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நிற்காமல் பரந்து வழியும், மங்குக்கு வந்து சேராது என்று அவருக்குத் தெரியும். அதுவும் வருங்காலம் சொல்லுவதுதான். ஆனால் ஈரப் பட்டைக்கும் வழியும் பாலுக்கும் தொடர்பு உண்டு. குலுக்கிப் போட்ட சீட்டுக்கும் நம் பிள்ளையின் கலியாணத்துக்கும் என்ன தொடர்பு?

சீட்டுக்காரரை நான் இழிவாகப் பேச வரவில்லை. அவரும் வெயிலில் உட்கார்ந்து வயிற்றைக் கழுவுகிறவர். அவரிடம் உண்மையான ஒரு திறமையும் இருக்கிறது. வருகிறவரின் முகத்தைப் பார்த்து, அவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்கிறார். கணவன் கேட்காததை, மேலாளர் கேட்காததை, சில வேளை நம் சங்கக் கிளைக்காரர்கூட "அப்புறம் வாங்க" என்று தள்ளிவிட்டதை, அவர் ஐந்து வெள்ளிக்குக் காதுகொடுத்துக் கேட்கிறார். சீட்டு கற்க விரும்பும் இளைஞர் அவரிடம் கற்கவேண்டியது இதுவே. நம் கிளைச் செயலாளர்களும் அவசியம் கற்கவேண்டும்.

ஆபத்து எங்கே வருகிறது? தேதி குறித்த காரியத்தைச் சீட்டிடம் ஒப்படைக்கும்போது வருகிறது. நியாயமான காரணமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி, திரும்ப வேலை கேட்டு 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் எழுத்து மூலம் முறையிட வேண்டும். 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. "மூன்று மாதம் பொறு, சனி விலகட்டும், வேலை தானாகத் திரும்பும்" என்று ஒரு சீட்டு சொல்லி, அவரும் பொறுத்திருந்தால் என்ன ஆகும்? சனி விலகுமோ இல்லையோ, 60 நாள் விலகிவிடும். அதற்குமேல் சட்டத்தின் கதவைத் தட்ட எந்தப் பரிகாரமும் உதவாது. உடம்பில் கட்டி கண்டவர் மருத்துவமனைக்குப் போகாமல் தாயத்துக்குப் போவதும் இதே கணக்குத்தான். சீட்டுக்குக் கொடுத்த ஐந்து வெள்ளியைத் திரும்பச் சம்பாதிக்கலாம். போன நாளைச் சம்பாதிக்க முடியாது.

ஆகவே சீட்டு கற்கும் தம்பி தங்கைகளுக்கு என் யோசனை இது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். சொன்ன பலனைத் தேதியோடு எழுதுங்கள்; மூன்று மாதம் கழித்துப் பலித்ததையும் பலிக்காததையும் ஒன்றுவிடாமல் குறியுங்கள். கணக்கு உங்களுக்கே விடை சொல்லும். உங்களிடம் ஒருவர் வேலைநீக்கக் கடிதத்தோடு வந்து உட்கார்ந்தால், சீட்டைக் கட்டி ஓரமாக வையுங்கள். கடிதத்தின் தேதியைப் படியுங்கள், 60 நாளை எண்ணுங்கள், அன்றைக்கே அவரைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். அவருக்கு நீங்கள் சொல்லக்கூடிய நல்ல பலன் அதுதான்.