புள்ளி தவறினால் பொருள் மாறும்

 

வீட்டில் இருந்தபடியே கைவேலை செய்து நாலு காசு தேடும் சகோதரிகள் பலர் இருக்கின்றனர். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இப்போது வெட்டும் மெஷினும் இடம் பிடித்துவிட்டது. கிரிக்கட், சிலுவெட், பிரதர் என்று பல பெயர்களில் விற்கப்படும் இந்தச் சிறு மெஷின், கணனியில் அமைத்த எழுத்தையும் பூவேலையையும் கடதாசியிலும் ஸ்டிக்கர் வினைலிலும் வெட்டித் தருகிறது. கல்யாண அழைப்பிதழ், பெருநாள் வாழ்த்து அட்டை, பிள்ளையின் பெயர் பொறித்த போத்தல், சுவரில் மாட்டும் அரபு எழுத்து என்று எத்தனையோ செய்யலாம்.

ஆனால், வாங்கிய சில வாரங்களிலேயே, "மெஷின் சரியில்லை, கடதாசி கிழிகிறது, வினைல் வீணாகிறது" என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. பெரும்பாலும் பிழை மெஷினில் இல்லை. பிளேட், பாய், அழுத்தம் ஆகிய மூன்றில் ஒன்று ஒத்துப்போகாததே காரணம். காசு கொடுத்து வாங்கிய தாளைக் குப்பையில் போடுவது வீண்விரயம் அல்லவா? ஆகவே இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிளேட்

இந்த பிளேட் கத்தரிக்கோல் போல் வெட்டுவதில்லை. அதன் கூர்முனை நடு அச்சிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும். மெஷின் இழுக்கும் பக்கம் அது தானாகவே திரும்பிக்கொண்டு போகும். ஆகவேதான் நீண்ட கோடுகளை அழகாக வெட்டும் மெஷின், சிறிய வளைவிலும் புள்ளியிலும் தடுமாறுகிறது. முனையில் ஒரு துளி வினைலோ நூலோ சிக்கினாலும் திரும்புதல் கெட்டுவிடும். பிளேட்டை வெளியே நீட்டி, உருட்டிய அலுமினியத் தாளில் சில தடவை குத்தி எடுத்தால் ஒட்டியிருந்த தூசு போய்விடும். இதனால் மழுங்கிய பிளேட் கூராகாது. மழுங்கினால் மாற்றத்தான் வேண்டும். கிரிக்கட் மெஷினில் கடதாசிக்கும் வினைலுக்கும் 45 பாகை பிளேட்டும், தடித்த அட்டைக்கு 60 பாகை பிளேட்டும் உள்ளன. மெல்லிய பிளேட்டால் தடித்த அட்டையை வெட்ட முயன்றுவிட்டு மெஷினை ஏசுவது நியாயமில்லை.

ஒட்டும் பாய்

தாளைப் பிடித்திருக்கும் பாய்க்கும் தரம் உண்டு. கிரிக்கட் பாய்களில் நீலம் மெதுவாகப் பிடிக்கும். அது சாதாரண கடதாசிக்கு. பச்சை, வினைலுக்கும் அட்டைக்கும். ஊதா, தடித்தவற்றுக்கு. இளஞ்சிவப்பு, துணிக்கு. மெல்லிய கடதாசியைப் புதிய பச்சைப் பாயில் ஒட்டினால் எடுக்கும்போது கிழியாமல் என்ன செய்யும்?

வெட்டி முடிந்ததும் கடதாசியைப் பாயிலிருந்து உரிக்காதீர்கள். பாயைக் கவிழ்த்து வைத்து, பாயையே வளைத்துக் கடதாசியிலிருந்து பிரியுங்கள். கடதாசி சுருளாது, கிழியாது. பாயில் பிடிப்புக் குறைந்தால், இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் சவர்க்காரம் சேர்த்து மெதுவாகக் கழுவி, காற்றில் உலரவிடுங்கள். துணிக்குரிய இளஞ்சிவப்புப் பாயை மட்டும் கழுவக் கூடாது. மாரிக் காலத்தில் ஈரம் உறிஞ்சிய அட்டை, பிளேட் பட்டதும் பிய்ந்து வரும். அட்டைகளைப் பொலிதீன் உறையில் தட்டையாக வைத்துக்கொள்வது நல்லது.

அழுத்தம்

எந்தத் தாள் என்று மெஷினுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். ஸ்டிக்கர் வினைலில் மேல் படலம் மட்டும் வெட்டுப்பட்டு, அடித்தாள் வெட்டுப்படாமல் இருப்பதே சரியான அழுத்தம். முழு வேலையையும் அனுப்ப முன்னர், ஓரத்தில் ஒரு சிறு சதுரத்தை வெட்டிப் பாருங்கள். சதுரத்தோடு, உங்கள் வேலையில் உள்ள மிகச் சிறிய புள்ளி அளவில் ஒரு புள்ளியையும் வெட்டுங்கள். புள்ளி நன்றாக வந்தால் மற்றவையும் வரும். வெட்டி முடிந்த பிறகும் பாயை உடனே வெளியே எடுக்க வேண்டாம். பாயை அசைக்காமல் ஒரு மூலையை மெல்லக் கிளப்பிப் பாருங்கள். வெட்டு இறங்காவிட்டால் அதே இடத்தில் இன்னொரு தடவை வெட்டலாம். எடுத்துவிட்டு மீண்டும் வைத்தால் அதே கோட்டில் பிளேட் போகாது.

துணியில் சூட்டால் ஒட்டும் வினைலை, பளபளப்பான பக்கம் கீழே வரும்படி பாயில் வைத்து, எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும். இதை மறந்தால் சேட்டில் எழுத்து இடம்வலம் மாறித் தெரியும். சூடும் நேரமும் கம்பனிக்குக் கம்பனி வேறு. உதாரணமாக, சிசர் கம்பனியின் ஈஸிவீட் வினைலுக்குச் சுமார் 150 பாகை செல்சியஸில் 10 முதல் 15 வினாடி. அயன் பெட்டியால் ஒட்டுபவர்கள் நீராவியை நிறுத்திவிட்டு, தேய்க்காமல் ஊன்றி அழுத்த வேண்டும்.

அரபு எழுத்து

இனி, இந்தப் பத்தியின் முக்கிய விடயத்துக்கு வருகிறேன். வெட்டிய பின் வேண்டாத வினைலை உரித்து எடுக்கும்போது சிறு புள்ளிகளும் அதோடு சேர்ந்து போய்விடும். ஆங்கில எழுத்தில் அது ஒரு குறை. அரபியில் அது வேறொரு சொல்!

ஜமால் என்றால் அழகு. ஜீமின் புள்ளி உதிர்ந்தால் அது ஹம்மால், அதாவது சுமை தூக்குபவர் என்று வாசிக்கப்படும். ரஹ்மத் என்பது அருள். ராவுக்கு மேலே உரிக்காமல் விடப்பட்ட ஒரு துணுக்கு வினைல் ஒட்டியிருந்தால் அது ஸாயாகி, நெரிசல் என்ற பொருளுக்கு மாறிவிடும். ஒருவர் தன் வீட்டு வரவேற்பறைக்கென்று காசு கொடுத்து வாங்கி, வருவோர் போவோர் முன் மாட்டி வைக்கும் எழுத்து இது. தமிழிலும் அப்படித்தான். மெய்யெழுத்தின் புள்ளி போனால் "பால்" "பால" ஆகிவிடும்.

ஆகவே வெட்ட முன்னர் புள்ளிகளை எண்ணி ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உரித்த பின் எண்ணுங்கள். சுவருக்கு மாற்றும் ஒட்டுத் தாளில் எடுத்த பின்னும் எண்ணுங்கள். புள்ளி பழைய அடித்தாளிலேயே தங்கிவிடுவதுண்டு. சொற்களுக்கு இடையே வெட்டுக் கோடு போட்டுப் பகுதி பகுதியாக உரித்தால் கை பதறாது. எழுத்து மிகச் சிறிதாக இருந்தால் முழு உருவையும் பெரிதாக்குங்கள்.

இன்னொன்று. அரபு எழுத்துகள் சில கணனி மென்பொருள்களில் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக வந்து நிற்கும். சேர்ந்து வந்தாலும், இரு எழுத்து ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில் மெஷின் வெட்டிவிடும். எழுத்துகளை ஒரே உருவாக இணைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அதன் பின் அரபு வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம், வெட்ட முன்னரே, திரையில் காட்டுங்கள். ஒரு நிமிட வேலை. இறைவனின் திருநாமம் வெட்டிய வினைல் துண்டுகள் மிஞ்சினால் காலடியில் சிந்தாமல் பேணி அப்புறப்படுத்துங்கள்.

விற்கும்போது

கழற்றக்கூடிய வினைலும் நிரந்தர வினைலும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுதான். ஓராக்கல் 631 சுவருக்கு, கழற்றலாம். 651 போத்தலுக்கும் வெளிப்புறத்துக்கும் உறுதியாக நிற்கும். சுவர் வினைலைக் கோப்பையில் ஒட்டி விற்றால் சில கழுவலில் அது உரிந்துவிடும். வாங்குபவருக்கு அது தெரியாது, விற்பவருக்குத் தெரியும். அப்படித் தெரிந்துகொண்டே விற்பது அமானிதம் ஆகுமா? எந்த வினைல், எப்படிக் கழுவ வேண்டும், எத்தனை நாள் தண்ணீர் படாமல் வைக்க வேண்டும் என்று ஒரு சிறு துண்டில் எழுதிக் கொடுங்கள். நிரந்தர வினைலானாலும் 2, 3 நாட்கள் பிடித்துக்கொள்ள விட்ட பின்னரே கழுவ வேண்டும். வாய் படும் விளிம்பிலும் உணவு படும் உட்புறத்திலும் ஒட்டாதீர்கள்.

சகோதரிகளே, இந்த மெஷின் சொன்னதைச் செய்யும், பொருள் அறியாது. புள்ளி சரியா, சொல் சரியா, கொடுக்கும் பொருள் நிலைக்குமா என்று பார்ப்பது உங்கள் கண்ணும் உங்கள் நாணயமும்தான். அவசரப்படாமல் செய்யுங்கள். தாளும் மிஞ்சும், நல்ல பெயரும் மிஞ்சும், இன்ஷா அல்லாஹ்.