கல்லறையும் லயமும்

ஆதிக் கிறிஸ்தவத்தின் ‘மறைக்கப்பட்ட உண்மை’களைத் தொலைக்காட்சி விவரணப் படங்கள் துருவித் துருவித் தேடுகின்றன. 2006இல் யூதாசின் நற்செய்தி. 2007இல் தல்பியோத் கல்லறை. கிறிஸ்தவனாகிய எனக்கு இவற்றால் அச்சமில்லை. ஆராய்ச்சிக்கு அஞ்சும் விசுவாசம் விசுவாசமே அன்று.

என் குற்றச்சாட்டு வேறு. ஒருவரும் மறைக்காத உண்மை இவற்றின் கண்ணில் ஏன் படுவதில்லை? ஏறத்தாழ கி.பி. 112இல் ரோம ஆளுநன் பிளினி சித்திரவதை செய்து விசாரித்த சபை ஊழியக்காரிகள் இருவரும் அடிமைப் பெண்கள். கம்பளித் தொழிலாளர், செருப்புத் தைப்போர், சலவைத் தொழிலாளர் ஆகியோரின் மதமென்றே செல்சஸ் எள்ளி நகையாடினான். ஊவாவில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இவர்கள் அந்நியரா? 2014 ஒக்ரோபர் 29இல் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அங்கே புதைந்தோர் அந்த அடிமைகளின் வழித்தோன்றல்கள் அல்லரா?

திருச்சபையும் குற்றத்தினின்று தப்பாது. 1854இல் தோட்டத்துரைமாரின் ஆதரவோடு மலைநாட்டில் தொடங்கிய அங்கிலிக்கன் பணி, ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்றே வழங்கிற்று. அடிமைப் பெண்ணை ஊழியக்காரி என்றழைத்த சபை, தொழிலாளியைக் கூலி என்றழைக்கக் கற்றுக்கொண்டது எவ்வாறு? படமெடுப்போர் துணிந்து ஆராய வேண்டிய இரகசியம் இதுவே. அவர்கள் ஆராயாவிடில், ஆசிரியர்களே, மாணவர்களே, நாம் ஆராய்வோம்.