சம்பளம் எவ்வளவு? வேலை எங்கே?

தகவல் தொழில்நுட்பத் துறையில் ஆள் தட்டுப்பாடு என்று கொழும்பில் மேடைக்கு மேடை பேசுகிறார்கள். இத்துறையில் வேலை செய்வோர் தொகையை 2 இலட்சமாக உயர்த்துவோம், ஏற்றுமதி வருமானத்தை 5 பில்லியன் டொலருக்குக் கொண்டுபோவோம் என்று சொல்லித்தான் 2024 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி வாக்குக் கேட்டது. அதே நேரம் கட்டுகஸ்தோட்டையிலும் கம்பளையிலும் தெல்தோட்டையிலும் கணினியில் பட்டமோ டிப்ளோமாவோ முடித்த பிள்ளைகள் விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் அனுப்பிவிட்டு, ஒரு வரிப் பதில்கூட வராமல் வீட்டில் இருக்கிறார்கள். தகைமை போதாது என்பது நிறுவனங்களின் வழக்கமான விளக்கம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதைவிடப் பெரிய தடை ஆள் எடுக்கும் முறையிலேயே இருக்கிறது. அதை மாற்றுவது நிறுவனங்களின் கையில் இருக்கிறது என்பதே எமது நிலைப்பாடு.

வேலை தேடும் பிள்ளை முதலில் பார்ப்பது டொப்ஜொப்ஸ் போன்ற தளங்களை. அங்கே பல விளம்பரங்கள் பத்திரிகையில் வருவது போலவே படமாகக் கிடக்கின்றன. கைபேசித் திரையை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, அடியில் பொடி எழுத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரியைப் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் விண்ணப்பம் போய்ச் சேராது. உலகத்துக்கே மென்பொருள் எழுதிக் கொடுக்கும் துறை தனக்கு ஆள் தேடும் இலட்சணம் இது! விளம்பரத்துக்குள்ளே போனால் ‘கவர்ச்சிகரமான சம்பளம்’ என்று இருக்கும், தொகை இருக்காது. ஆரம்பநிலை வேலை என்று தலைப்புப் போட்டுவிட்டு இரண்டு வருட அனுபவம் கேட்டிருப்பார்கள். அலுவலகம் எங்கே, வாரத்தில் எத்தனை நாள் நேரில் வர வேண்டும் என்பதைப் பற்றி மூச்சே இருக்காது.

கொள்ளுப்பிட்டியில் குடியிருப்பவருக்கு இதெல்லாம் பெரிய விடயமில்லை. கண்டியில் இருப்பவருக்கு எல்லாமே இதில்தான் தங்கியிருக்கிறது. கண்டியிலிருந்து கொழும்பு சுமார் 115 கிலோமீற்றர். மத்திய அதிவேகப் பாதையில் மீரிகமை முதல் குருணாகல் வரையான பகுதி 2022 ஜனவரியில் திறந்ததோடு சரி. கண்டிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. காலை ஒன்பது மணி நேர்முகப் பரீட்சைக்கு இருட்டோடு எழும்பி முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாவானது. அப்படியொரு குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளை கொழும்புக்குப் போய்வர, பஸ் காசும் சாப்பாடுமாகச் சேர்ந்து அம்மாவின் ஒருநாள் உழைப்பு கரைந்துவிடும். போன பிறகு பதினைந்து நிமிடம் பேசிவிட்டு, ‘அறிவிக்கிறோம்’ என்று அனுப்பிவிடுவார்கள். அறிவிக்க மாட்டார்கள்.

வேலை கிடைத்தாலும் கணக்கு முடிவதில்லை. பயிற்சிக் காலக் கொடுப்பனவு எவ்வளவு என்று தெரியாமலே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ போர்டிங் தேட வேண்டும், முற்பணம் கட்ட வேண்டும். சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் கழித்தால், பயிற்சி முடியும் வரை வீட்டிலிருந்துதான் காசு வர வேண்டியிருக்கிறது. அனுப்ப முடிந்த வீட்டுப் பிள்ளை அனுபவம் சேர்த்துக்கொள்கிறது. முடியாத வீட்டுப் பிள்ளை அனுபவம் இல்லை என்று அடுத்த இடத்திலும் கழிக்கப்படுகிறது. சம்பளமே தராத பயிற்சிகளும் உண்டு. அவற்றை நாம் பயிற்சி என்று ஏற்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான சிக்கல் பரிந்துரை முறை. வெற்றிடம் வந்ததும் நிறுவனங்கள் முதலில் தம் ஊழியர்களிடம் கேட்கின்றன: தெரிந்த நல்ல ஆள் யாராவது உண்டா? கொண்டுவந்து சேர்ப்பவருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. இதில் ஊழல் ஏதுமில்லை. தெரிந்தவர் சொல்லும் ஆள் நம்பகமானவராக இருப்பார், தேடும் செலவும் மிச்சம். ஆனால் யாருக்கு யாரைத் தெரியும்? கொழும்பில் ஒரே பாடசாலையில் படித்தவர்கள், ஒரே பல்கலைக்கழகத்தில் அறை பகிர்ந்தவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். கலஹாவிலோ மடுல்கலையிலோ லயத்தில் வளர்ந்து குடும்பத்தில் முதன்முதலாகக் கணினி படித்த பிள்ளைக்கு, மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் மாமாவும் இல்லை, பக்கத்து வீட்டு அண்ணனும் இல்லை. பகிரங்க விளம்பரம் வரும் போது இடங்களில் பாதி உள்ளாலேயே நிரம்பியிருந்தால், விளம்பரம் வெறும் சடங்குதான்.

மலையக மக்களுக்கு இது புதுக் கதையுமில்லை. லயத்துக்கெனத் தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வரும். அங்கே கிடந்து, நேர்முகப் பரீட்சைத் தேதி கடந்த பின் கைக்கு வந்த அழைப்புக் கடிதங்களைப் பற்றி எத்தனையோ குடும்பங்கள் சொல்லும். மின்னஞ்சல் வந்து அந்தத் தடையை உடைத்தது. இப்போது தோட்ட அலுவலகத்தின் இடத்தில் பரிந்துரை நிற்கிறது. சுயவிபரக் கோவையில் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் எழுதத் தயங்கி, கண்டி போர்டிங் முகவரியை எழுதும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். புகைப்படம், மதம், திருமண நிலை, அடையாள அட்டை இலக்கம், உறவினரல்லாத இருவரின் பெயர் என்று கோவை முழுக்கத் தேவையற்றதை நிரப்பும் பழக்கமும் ஒழியவில்லை. நிரல் எழுதும் வேலைக்கு இதில் எது வேண்டும்?

கண்டியில் திறமைக்குக் குறைவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் கணினிப் பொறியியலுக்குத் தனித் துறை 1980களிலேயே வந்துவிட்டது. விஞ்ஞான பீடத்தில் கணினி விஞ்ஞானம் கற்பிக்கிறார்கள். நகரத்தில் தனியார் உயர்கல்வி நிலையங்களும் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கிய பிறகு, கிராமத்துப் பாடசாலைகளிலிருந்தும் பிள்ளைகள் இந்தப் பக்கம் வருகிறார்கள். ஆண்டுதோறும் இவர்களைக் கண்டி உருவாக்குகிறது; உருவாக்கிய கையோடு கொழும்புக்கு அனுப்பிவிடுகிறது. யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். யாழ் ஐ.டி. ஹப் என்ற தன்னார்வ அமைப்பு, புலம்பெயர்ந்தோரின் துணையோடு 2012 முதல் மாணவர்களுக்கிடையே போட்டிகள் நடத்தி, அவர்களைத் துறையில் இருப்பவர்களோடு நேரடியாகச் சேர்த்து வைத்தது. தெரிந்தவர் இல்லாத இடத்தில் தெரிந்தவர்களை உண்டாக்கிய வேலை அது. யுத்தம் சிதைத்துப் போட்ட நகரத்தில் முடிந்தது, பேராதனையை மடியில் வைத்திருக்கும் கண்டியில் ஏன் முடியவில்லை என்று இங்குள்ள வர்த்தகர்களும் பழைய மாணவர் சங்கங்களும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கண்டியில் இருந்துகொண்டு வேலை செய்ய முடியாது என்று யாரும் எம்மிடம் சொல்ல வேண்டாம். 2020 மார்ச் ஊரடங்கில் இந்த நிறுவனங்கள் முழுதாக வீடுகளிலிருந்து இயங்கின. 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற போதும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை தவறாமல் போய்ச் சேர்ந்தது. நிலைமை சீரானதும் ‘வாரத்தில் மூன்று நாள் அலுவலகம்’ என்றார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகள் கண்டி வீதிகளையும் ரயில் பாதையையும் அடைத்த போது, மலையகத்தவரின் வருகைப் பதிவு அந்த மூன்று நாளுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றது.

புதிதாகச் சேர்பவர் அனுபவசாலியின் பக்கத்தில் இருந்துதான் தொழில் கற்க முடியும் என்ற வாதத்தை நாம் தட்டிக்கழிக்கவில்லை. செயற்கை நுண்ணறிவு ஆரம்பநிலை வேலைகளில் ஒரு பகுதியை விழுங்கிவரும் இந்நாளில் அது இன்னும் உண்மை. அப்படியானால் அனுபவசாலிகள் இருவரைக் கண்டியில் உட்கார வையுங்கள். கொழும்பு வாடகையும் நெரிசலும் சலித்து ஊர் திரும்ப ஆசைப்படும் பொறியியலாளர்கள் எல்லா நிறுவனங்களிலும் இருக்கிறார்கள். பல்லேகலையில் முதலீட்டுச் சபையின் கைத்தொழிற் பூங்கா இருக்கிறது. அங்கே தொழிற்சாலைகளோடு மென்பொருளுக்கும் ஒரு கட்டடம் ஒதுக்க என்ன தடை? சேவை ஏற்றுமதி வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் 15 சதவீத வரி விதித்துள்ள அரசாங்கம், மேல் மாகாணத்துக்கு வெளியே ஆரம்பநிலை ஆட்களைச் சேர்க்கும் நிறுவனத்துக்கு அதில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கலாம். வெறும் பதிவு முகவரியைக் கண்டியில் காட்டிவிட்டுச் சலுகை வாங்குவோரும் கிளம்புவார்கள். ஆகவே சம்பளப் பட்டியலையும் ஊழியர் சேமலாப நிதிக் கட்டணத்தையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஆங்கிலம் பற்றியும் ஒளிக்காமல் பேசுவோம். தமிழ் மொழிமூலம் படித்து வந்த பிள்ளை தொழில்நுட்ப ஆவணங்களை வாசிக்கவும் தெளிவாக ஒரு மின்னஞ்சல் எழுதவும் பழகியே ஆக வேண்டும். இதில் சலுகை கேட்பது அந்தப் பிள்ளைக்கே கெடுதல். ஆனால் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டு உச்சரிப்புக்குப் புள்ளி போடுவது வேறு. ஒரு சிறு வேலையைக் கொடுத்து, வீட்டிலிருந்தே செய்து அனுப்பச் சொல்லி, பிறகு இணையவழியில் அழைத்து அதே வேலையைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். தானே எழுதினாரா, கருவி எழுதிக் கொடுத்ததா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிள்ளைகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே கோவையை ஐம்பது இடத்துக்கு அனுப்புவது தேடல் ஆகாது. வகுப்புக்கு வகுப்பு காசு கட்டிச் சான்றிதழ் அடுக்குவதைவிட, தெல்தோட்டைக் கடைக்காரருக்கு ஒரு கணக்குச் செயலி எழுதிக் கொடுத்து அதைக் கிட்ஹப்பில் போட்டு வைத்தால், தேர்வு செய்பவருக்குக் காட்ட ஏதாவது இருக்கும். பொறுமை இழந்து வாட்ஸ்அப்பில் வரும் ‘தாய்லாந்தில் கணினி வேலை, விசா இலவசம்’ என்ற அழைப்பை நம்ப வேண்டாம். அப்படிப் போனவர்கள்தான் மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் சிக்கினார்கள். 2024 இல் அவர்களை மீட்க இராஜதந்திர மட்டத்தில் பாடுபட வேண்டியிருந்தது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு ஓர் அழைப்பு எடுத்தால் முகவருக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளலாம்.

நிறுவனங்கள் தாமாக மாறும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. கணினி மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்க அவை பேராதனை வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்த வாசலில் பல்கலைக்கழகம் நான்கு கேள்விகளை வைக்கட்டும்: கொடுப்பனவு எவ்வளவு, வேலை எந்த ஊரில், முதற்சுற்று இணையவழியிலா, தெரிவாகாதவருக்கு எத்தனை நாளில் பதில்? எழுத்தில் பதில் தராத நிறுவனத்துக்கு அடுத்த தொழிற்சந்தையில் மேசை போட இடம் கொடுக்க வேண்டியதில்லை.