ஓர் ஊற்றைச் சுற்றி எத்தனை துறைகள்

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் நம் பக்கத்துப் பெற்றோர் ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி விசாரிப்பது இரண்டைத்தான்: கட்டணம் எவ்வளவு, வேலை கிடைக்குமா. நியாயமான கேள்விகள். ஆனால் அந்த வளாகத்தில் பாடம் நடத்துவதோடு ஆராய்ச்சி என்று இன்னொரு வேலையும் நடக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் பட்டியலைப் பார்த்தால் படிக வளர்ப்பு மையம், தொலையுணர்வு நிறுவனம், நீர்வள மையம், கடல் மேலாண்மை நிறுவனம் என்று நீண்டுகொண்டே போகிறது. ஐஐடி சென்னையில் கடல் பொறியியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. இத்தனை எதற்கு என்று கேட்டால், "பேப்பர் போடத்தான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது முழுப் பொய் அல்ல. முழு உண்மையும் அல்ல. நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை வரை கிடக்கும் மணலையும் அதற்குள் இருக்கும் தண்ணீரையும் வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம்.

இந்தக் கடற்கரையில் மணலைத் தோண்டி ஊற்றுப் பறித்து, சிரட்டையால் அள்ளிக் குடம் நிறைக்கும் வழக்கம் பழையது. பத்தடி தள்ளிக் கடல். தோண்டிய குழியில் நல்ல தண்ணீர். இதில் அதிசயம் எதுவும் இல்லை. மணலில் இறங்கும் மழைநீர், அடியில் உள்ள உப்புநீரோடு எளிதில் கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால், அது நல்ல தண்ணீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனம். அந்தச் சிறிய வித்தியாசத்திலிருந்து ஒரு பெரிய கணக்கு பிறக்கிறது: கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், உப்புநீர் கீழிருந்து நாற்பது அடி ஏறப் பார்க்கும். சிரட்டையால் அள்ளிய வரை இனித்த ஊற்று, ஆழ்துளைக் கிணறு வந்தபின் உவர்த்துப்போவதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கைக் கண்டவர்கள் இருவர். ஒருவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கைபென், மற்றவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ட்ஸ்பர்க். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக, ஒருவர் வேலையை மற்றவர் அறியாமலே, தங்கள் கடற்கரைகளுக்காகச் செய்தார்கள். இராமநாதபுரம் எங்கிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அறிவியல் ஆராய்ச்சியின் இயல்பு இது. ஓரிடத்தில் ஏன் என்று கேட்டுக் கண்ட விடை, கேட்காத இடத்துக்கும் பொருந்தும். பொறியியலின் கேள்வி வேறு: எவ்வளவு செலவில், எத்தனை ஆண்டு தாங்கும்படி, யார் இயக்கும்படி? அதற்கான விடை ஊருக்கு ஊர் மாறும்.

மாறுவதற்கு ஓர் உதாரணம். லட்சத்தீவின் கவரட்டியில் 2005-ஆம் ஆண்டு தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் ஆலையை நிறுவியது. வெதுவெதுப்பான மேல்மட்டக் கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்துக்குள் விட்டு ஆவியாக்கி, ஆழ்கடலிலிருந்து இழுத்த குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்விக்கும் முறை அது. அங்கே கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் முந்நூறு, நானூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. நம் கரையை ஒட்டிய கடலோ ஆழம் குறைந்தது. பாக் நீரிணையில் அந்தக் குளிர்ந்த நீருக்கு வழியே இல்லை. அதே கருத்து, அதே இயந்திரம், இங்கே உதவாது.

இங்கே பரவலாக உதவுவது ஆர்ஓ. கடல்நீரைச் சவ்வின் வழியாக ஐம்பது பார் அழுத்தத்துக்கு மேல் தள்ளுகிறோம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஐம்பது மடங்கு. அதற்கு வலுவான பம்பு வேண்டும், ஓயாத மின்சாரம் வேண்டும். சவ்வில் பாசியும் நுண்ணுயிரும் படியும். உள்ளே போன தண்ணீரில் பாதிக்கும் மேல் ஏறத்தாழ இருமடங்கு உப்போடு திரும்பக் கடலுக்கே போகும். சவ்வைக் கவனிக்க வேதிப் பொறியாளர், பம்புக்கு இயந்திரவியலாளர், படிவதைத் தடுக்க உயிரியலாளர், கழிவுநீர் எந்தப் பக்கம் அடித்துச் செல்லப்படும் என்று சொல்லக் கடல் பொறியாளர்: ஒரு குடம் தண்ணீருக்குள் இத்தனை பேர் வந்துவிட்டார்கள்.

நம் மாவட்டத்தின் நரிப்பையூரில் இதை வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். ஐஐடி சென்னை, எம்பீரியல்-கேஜிடிஎஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் அமைத்த ஆலை அது. அதில் தண்ணீரைத் தள்ளுவதில்லை, இழுக்கிறார்கள். சவ்வின் மறுபக்கத்தில் கடல்நீரைவிட அடர்த்தியான ஒரு கரைசலை வைத்தால், தண்ணீர் தானாகவே அதை நோக்கிக் கசியும். பிறகு வெயிலில் கிடைக்கும் வெப்பத்தைக் கொண்டு அந்தக் கரைசலிலிருந்து தண்ணீரைப் பிரித்துக்கொள்ளலாம். ஐம்பது பார் தேவைப்பட்ட இடத்தில் இரண்டு பார் அழுத்தமே போதும். நாளொன்றுக்கு 20,000 லிட்டர், அதாவது ஆளுக்கு இரண்டு லிட்டர் வீதம் பத்தாயிரம் பேருக்குக் குடிக்க. கரைசலைத் தேர்ந்தெடுப்பது வேதியியல், வெயிலைப் பிடிப்பது வெப்பப் பொறியியல். இரண்டும் ஒரே கூரையின்கீழ் இல்லாவிட்டால் இப்படி ஓர் ஆலையை யோசிக்கவே முடியாது. துறைகள் பலவாக இருப்பதன் பயன் இதுதான். பட்டியல் நீளமாக இருப்பதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது.

உப்பு தண்ணீரோடு நிற்பதில்லை. காற்றில் வந்து இரும்பில் உட்கார்கிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை நூறாண்டுக்கு மேல் அரித்துக்கொண்டே இருந்தது அந்தக் காற்றுதான். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தின் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்திருக்கிறார்கள். மேலே அரிப்பைத் தாங்கும் தனி வகைப் பூச்சு. ஸ்பெயின் நிறுவனம் ஒன்று தயாரித்த வடிவமைப்பை ஐஐடி சென்னை சரிபார்த்தது. துருவைப் பற்றிய படிப்புக்கு நாம் கடல் கடந்தும் போக வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். காரைக்குடி ஆய்வகம் பல்கலைக்கழகம் அல்ல. மத்திய அரசின் ஆராய்ச்சிக் கூடம். ஐஐடி சென்னை தனி நிறுவனம். 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கியது. அண்ணா பல்கலைக்கழகம் 1978-இல் மாநில அரசு அமைத்தது. அதன் வேரான கிண்டிப் பொறியியல் கல்லூரியோ 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. இராமநாதபுரத்தில் இருப்பது அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. மாநிலம் முழுதும் உள்ள தனியார் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை இணைப்புக் கல்லூரிகள். பட்டத்தில் ஒரே முத்திரை இருக்கலாம், ஆய்வுக்கூடம் ஒன்றல்ல. "அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ்" என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்க்கும்போது இதைத் தெரிந்துகொண்டு சேர்ப்பது நல்லது.

நம் மாவட்டத்தில் ஆராய்ச்சி என்றாலே அப்துல் கலாம் பெயரோடு பேச்சு நின்றுவிடுகிறது. குரோம்பேட்டை எம்ஐடியில் வானூர்திப் பொறியியல் படித்த அவரைப் பார்த்து நம் பிள்ளைகள் மேலே பார்க்கக் கற்றது நல்லதே. ஆனால் இந்தக் கரைக்கு வேண்டியதில் பெரும்பகுதி கீழே, மணலிலும் சேற்றிலும் கடற்புல்லிலும் கிடக்கிறது. கீழக்கரைக்கு எதிரே உள்ள தீவுகள் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்ந்தவை. 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறையும் கடற்புல்லும்தான் மீன் பெருகும் இடம். நாளை இங்கே பெரிய குடிநீராக்கும் ஆலை வந்தால், அதன் இருமடங்கு உப்புக் கழிவு எங்கே போகிறது என்பது மீனவரின் வயிற்றுப்பாட்டுக் கேள்வி. ஆலையை வடிவமைக்கும் துறையும் கடற்புல்லை அறிந்த துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய இடம் அது. நடைமுறையில் அது எப்போதும் நடப்பதில்லை. பொறியாளர் முதலில் வரைந்து முடிக்கிறார். சுற்றுச்சூழல் அறிக்கை பின்னால் ஓடி வருகிறது.

"பேப்பர் போடத்தான்" என்ற ஏளனத்தில் இருக்கும் உண்மையும் இதுதான். மாதிரி எடுக்க வருகிறார்கள். தண்ணீரையும் மண்ணையும் புட்டியில் அடைத்துக்கொண்டு போகிறார்கள். முடிவு ஆங்கில ஆய்விதழில் வருகிறது. மாதிரி கொடுத்த ஊருக்குத் திரும்புவதில்லை. ஆராய்ச்சி ஊருக்குப் பயன்படாமல் போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடுதான், தென்கொரியாவில் ஐந்து விழுக்காட்டை நெருங்குகிறது. சோதனை ஆலை அமைப்பதற்குப் பணம் கிடைத்துவிடும். பத்தாண்டு ஓட்டுவதற்கும் சவ்வு மாற்றுவதற்கும் ஆள் வைப்பதற்கும் பணம் கிடைப்பது அரிது. ஆய்வகத்தில் வெற்றி பெற்ற எத்தனையோ முறைகள் இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. அதற்கு ஆராய்ச்சியாளரை மட்டும் குறை சொல்வது சரியாகாது.

ஆகவே ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை எடைபோட, எத்தனை துறை, எத்தனை கட்டுரை, தரவரிசையில் எத்தனாவது இடம் என்று எண்ணினால் போதாது. ஒரே ஊரின் ஒரே சிக்கலைச் சுற்றி அதன் எத்தனை துறைகள் சேர்ந்து நிற்கின்றன என்று பார்க்க வேண்டும்.

அதைக் கேட்கும் உரிமை நமக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. நம் ஊராட்சிகளில் கிணற்று நீரும் கடல்நீரும் எடுத்துப்போன ஆய்வுகள் எவை, அவற்றின் முடிவு என்ன என்று அந்தக் கூட்டத்தில் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். மாவட்டத்தின் உறுப்புக் கல்லூரிக்கும் கீழக்கரைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளுக்கும் அழைப்பு அனுப்புங்கள். தீர்மானமாக எழுதியே அனுப்புங்கள்.