பெட்ரோல் வரிசையைக் காட்டிப் பிடுங்கிய பணம்

பேராசை பெருநஷ்டம் என்று என் காதுபடவே சொல்கிறார்கள். மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் சொல்கிறார்கள், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் எங்களிடம் யாரும் ஆசை காட்டிப் பணம் வாங்கவில்லை. பயம் காட்டி வாங்கினார்கள். பக்கத்து நாடு கடனைக் கட்ட வழியில்லாமல் குப்புற விழுந்தது. அது விழுந்த படத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார்கள். எங்களுக்கு விற்றவன் எங்கள் ஊர்ப் பையன்.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்த்து 2022-ல் ஓய்வு பெற்றவர். நெய்வேலியில் ஓய்வு பெறுவதென்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சம்பளத்தோடு வீடும் போய்விடும். பிள்ளைகள் பிறந்த குவார்ட்டர்ஸ், பின்பக்கம் நாம் வைத்த பலாமரம், எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். இந்திரா நகரிலோ வடலூர்ப் பக்கமோ ஒரு மனை வாங்கி அறுபது வயதில் அஸ்திவாரம் தோண்ட வேண்டும். அதற்குக் கையில் இருப்பது பி.எஃப்., கிராஜுவிட்டி, அவ்வளவுதான். நைட் ஷிப்டிலும் பழுப்பு நிலக்கரித் தூசியிலும் சேர்ந்த பணம். அது எந்த மாதம் எந்த வீட்டுக்கு வரும் என்று நாள் பார்த்துக் காத்திருக்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

அந்தப் பையனும் டவுன்ஷிப்பில் வளர்ந்தவன்தான். அவன் அப்பாவும் என் வீட்டுக்காரரும் ஒரே ஷிப்ட். எங்களை ஆன்ட்டி, அங்கிள் என்பான். பாண்டிச்சேரியில் ஒரு ஹோட்டல் ஹாலுக்கு எங்களைக் காரில் கூட்டிப் போனான். திரையில் முதலில் வந்தது அவன் விற்க வந்த கிரிப்டோ காயின் இல்லை. கொழும்பில் பெட்ரோலுக்கு நின்ற வரிசை வந்தது. காலி கேஸ் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு நடுரோட்டில் காத்திருந்த பெண்கள் வந்தார்கள். 2022 ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் ஜனங்கள் குதித்த காட்சி வந்தது. அப்புறம் ஒரு கோடு. மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 200 ரூபாய் சொச்சம் இருந்த இலங்கைப் பணம், மே மாதம் 360 வரைக்கும் போனதைக் காட்டுகிற கோடு.

"அடுத்து நம்ம ரூபாய்தான் அங்கிள். 1991-ல நம்ம நாடே தங்கத்தை அடகு வெச்சுது, ஞாபகம் இருக்கா? பேங்க்ல போட்டா அது வெறும் பேப்பர். காயின்ல போட்டா எந்த கவர்மென்ட்டும் தொட முடியாது."

ஞாபகம் இல்லாமல் என்ன? 47 டன் தங்கம் வெளிநாட்டுக்குப் போனதைப் பேப்பரில் படித்துக் கலங்கிய தலைமுறை நாங்கள். இலங்கையில் நடந்ததும் எங்களுக்கு வெறும் படம் இல்லை. அந்த மார்ச்சில்தான் கைக்குழந்தையோடு தனுஷ்கோடிக் கரைக்குக் குடும்பங்கள் வந்து இறங்கின. மே மாதம் சென்னையிலிருந்து அரிசியும் பால்பவுடரும் மருந்தும் கப்பலேறின. எங்கள் கடலூர் மாவட்டத்து முகாம்களில் இருக்கிற இலங்கைத் தமிழர்கள் ஊரிலிருந்து வரும் போனைக் கேட்டு அழுததை நேரிலேயே பார்த்திருக்கிறோம். ஆக, படம் பொய் இல்லை. பயமும் பொய் இல்லை. அதற்கு மருந்து என்று கொடுத்தானே, அதுதான் பொய்.

இப்போது எனக்குத் தெரிந்ததை அன்று அந்த ஹாலில் ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும். இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது 2022 ஏப்ரல் 12. நாட்டின் பணம் செத்தால் காயின் உயிர்க்கும் என்பது நிஜமாக இருந்தால், அந்த வருஷம் காயின் வானத்துக்குப் போயிருக்க வேண்டாமா? முந்தின நவம்பரில் 69,000 டாலர் தொட்ட பிட்காயின், கொழும்பில் ஜனங்கள் வரிசையில் நின்ற அதே ஜூன் மாதம் 20,000-க்கும் கீழே இறங்கியது. ஒரு டாலர் எப்போதும் ஒரு டாலர்தான் என்று சத்தியம் பண்ணி விற்ற டெரா, அதோடு ஒட்டிப் பிறந்த லூனா, இரண்டும் மே மாதம் சில நாளில் ஒன்றுமில்லாமல் போயின. உலகம் முழுக்க சுமார் 4,000 கோடி டாலர் ஆவியானது.

இது தற்செயல் இல்லை. 2022 மார்ச்சிலிருந்து அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்ற ஆரம்பித்தது. வட்டி ஏறினால் டாலர் தாய்வீட்டுக்குத் திரும்பும். டாலரில் கடன் வாங்கிய நாடுகளுக்குப் புதுக் கடன் கிடைக்காது. மலிவான கடனில் காயின் வாங்கி ஆடியவர்களுக்கும் பணம் கிடைக்காது. இலங்கைக்குச் சொந்தத் தப்புகள் ஆயிரம் உண்டு: வரியைக் குறைத்தார்கள், ஒரே ராத்திரியில் ரசாயன உரத்தை நிறுத்தினார்கள், கோவிட் காலத்தில் சுற்றுலா வருமானமும் போயிருந்தது. ஆனாலும் அதன் கழுத்தை மேலும் இறுக்கிய அதே கைதான் காயினின் கழுத்தையும் இறுக்கியது. ஒன்றிலிருந்து தப்பிக்க இன்னொன்றில் ஏறுங்கள் என்று எங்களை ஏற்றிவிட்டான் அந்தப் பையன். விலை சரிந்திருப்பதை யாரோ கேட்டபோது என்ன சொன்னான் தெரியுமா? "இப்போ ஆடித் தள்ளுபடி, ஆன்ட்டி!" ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். லெபனான் 2020 மார்ச்சில் கடனைக் கட்டாமல் நின்றபோது, அங்கே வங்கிகள் ஜனங்களின் சொந்த டாலரையே கொடுக்க மறுத்தன. அந்த ஊர்க்காரர்கள் டாலருக்கு இணையான டெதர் காயினை வாங்கி வைத்தார்கள் என்றால், அதில் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. பூட்டிய வீட்டிலிருந்து ஜன்னல் வழியாக வெளியேறுகிற மாதிரி அது. எங்கள் வீடு பூட்டியா கிடந்தது? இங்கே ஏடிஎம் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. எங்களுக்கு விற்றதும் பிட்காயின் இல்லை, டெதர் இல்லை. பையன் ஆள் பிடித்துக் கொடுத்த கம்பெனியே பெயர் வைத்து, அந்தக் கம்பெனியே விலை எழுதி, அதன் ஆப்பில் மட்டும் ஏறிக்கொண்டிருந்த காயின். எடுக்கப் போன அன்று 'வித்ட்ராயல் வரி' கட்டச் சொன்னது. கட்டினோம். அப்புறம் ஆப்பே திறக்கவில்லை.

இலங்கையிலும் இதே கதைதான். பணம் கரைவதைப் பார்த்துப் பதறிய கிராமத்து ஜனங்களிடம் 'ஸ்போர்ட்ஸ் செயின்' என்ற பெயரில் காயின் விற்று வாரிக்கொண்டு போனார்கள். பின்னால் அந்நாட்டு மத்திய வங்கி அதைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. கிரிப்டோவுக்கு நாங்கள் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அது முன்பே பலமுறை எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஜனங்களிடம் போய்ச் சேருமுன் ஏஜென்ட் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அந்த நாட்டுக் கடனின் பாரமாவது பெரியவர்கள் தோளில் ஏறியதா? 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தார்கள். வங்கிகளை விட்டுவிட்டார்கள். ஊழியர் சேமலாப நிதி, அதாவது அவர்களுடைய பி.எஃப்., அது வைத்திருந்த கடன் பத்திரங்களில் கை வைத்தார்கள். பழைய பத்திரத்தைக் கொடுத்துவிட்டு, 2025 வரை 12 சதவீதமும் அப்புறம் 9 சதவீதமும் வட்டி தரும் புதுப் பத்திரத்தை வாங்கிக்கொள்; மறுத்தால் 14 சதவீத வரி 30 ஆகும் என்றார்கள். மலையகத்தில் கொழுந்து கிள்ளும் நம் பெண்களின் சேமிப்பும் அதில்தான் கிடக்கிறது. அங்கே பி.எஃப்.பை அரசாங்கம் சட்டம் போட்டு எடுத்தது. இங்கே அதே கடனைக் காட்டி ஹாலில் ஏசி போட்டு எடுத்தார்கள். போனது இரண்டு பக்கமும் உழைத்தவர்கள் பணம்.

எங்கள் அரசாங்கமோ 2022 பட்ஜெட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி போட்டது. ஜூலையிலிருந்து விற்கும்போதே 1 சதவீதம் பிடித்தம். நஷ்டம் வந்தால் வேறு எந்த வருமானத்திலும் கழிக்கக் கூடாது. வரி போட்டதால் சட்டப்படி அங்கீகரித்ததாக ஆகாது என்று டெல்லியில் விளக்கம் சொன்னார்கள். அது டெல்லியிலேயே நின்றுவிட்டது. பாண்டிச்சேரி ஹாலில் பட்ஜெட் செய்தியைத் திரையில் பெரிசாகப் போட்டு, "கவர்மென்ட்டே வரி வாங்குது ஆன்ட்டி, அப்புறம் என்ன பயம்?" என்றார்கள். லாபத்தில் பங்கு கேட்கிற கைக்குப் பாதுகாக்கிற வேலை கிடையாதா?

புகாரோடு அலைந்த கதை வேறு. சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போட்டால், பணம் போய் எவ்வளவு நாளாச்சு என்று கேட்டார்கள். ஓர் அலுவலகத்தில், "டெபாசிட் போட்டிருந்தா கேஸ் ஆகும். நீங்க காயின்ல வாங்கியிருக்கீங்க" என்றார்கள். முறைப்படுத்தப்படாத டெபாசிட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் 2019-லேயே வந்துவிட்டது. மாநிலத்தில் 1997 முதலே வைப்பீட்டாளர் நலன் காக்கும் சட்டம் இருக்கிறது. இருந்து? மாதம் இவ்வளவு வரும் என்று சொல்லி வாங்கிய பணம், காயின் என்று பெயர் மாறினால் டெபாசிட் இல்லாமல் போய்விடுமா? அந்தப் பையனைக் கேட்டால், "நானும் போட்டு ஏமாந்தவன்தான் ஆன்ட்டி" என்கிறான். எங்களிடம் வாங்கியதற்கு அவனுக்கு வந்த கமிஷனை எங்கே போட்டான் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான்.

மனை வாங்கவில்லை. வாடகை வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் இந்த வயதில் ஒரு கல்யாண மண்டபத்தில் நைட் வாட்ச்மேன். வாழ்நாள் முழுக்கப் பார்த்த நைட் ஷிப்ட் போதவில்லை போல.

போன வாரம் எங்கள் பழைய பிளாக் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அழைப்பிதழ் வந்தது. புதுக் கம்பெனி, வேறு ஹால், கடலூரில். மேலே கொட்டை எழுத்தில் அமெரிக்காவின் கடன்: 36 லட்சம் கோடி டாலருக்கும் மேல். 'டாலரே விழப்போகிறது, உங்கள் சேமிப்பு பத்திரமா?' என்று கேட்டிருக்கிறார்கள். மதியச் சாப்பாடு இலவசமாம். இந்த வருஷம் ரிட்டயர் ஆகிறவர்கள் இரண்டு பேர் கட்டைவிரல் தூக்கி வருகிறோம் என்று போட்டிருக்கிறார்கள்.

நானும் வருகிறேன் என்று போட்டிருக்கிறேன். முன்வரிசையில் உட்காருவேன். கடன் கதையை அவர்கள் முடிக்கட்டும். அப்புறம் மைக்கை வாங்கி, 2022 ஜூன் மாதம் உங்கள் காயின் என்ன விலை என்று கேட்பேன். பதில் வருகிறவரை மைக்கைக் கொடுக்க மாட்டேன்.