மாஸி டிராக்டர்: வெளிநாட்டுப் பங்கு விலகினால் நமக்கு என்ன?

வாடிப்பட்டி, மேலூர் பக்கம் போனால் விவசாயிகள் கேட்கும் கேள்வி இது: "மாஸி கம்பெனியை வெளிநாட்டுக்காரன் விட்டுட்டுப் போயிட்டானாமே சார், இனி ஸ்பேர் கிடைக்குமா?"

கிடைக்கும். பங்குதான் கைமாறியது. தொழிற்சாலைகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. அதில் ஒன்று நம் மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சென்னையின் டாஃபே நிறுவனம் 1960-ல் மாஸி பெர்குசன் கூட்டுடன் தொடங்கியது. மாஸி பெர்குசனை அமெரிக்காவின் ஆக்கோ 1994-ல் வாங்கியது. டாஃபேயில் ஆக்கோ வைத்திருந்த பங்கு 20.7 சதவீதம். செப்டம்பர் 2024-ல் ஆக்கோ ஒப்பந்தங்களை முறித்தது, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஜூலை 2025-ல் சமரசம் ஏற்பட்டது. அதன்படி 26 கோடி டாலருக்கு, அதாவது சுமார் 2,200 கோடி ரூபாய்க்கு, அந்தப் பங்குகளை டாஃபே திரும்ப வாங்கியது. இந்தியா, நேபாளம், பூடானில் மாஸி பெர்குசன் பெயர் டாஃபேக்கே சொந்தம். வேடிக்கை என்னவென்றால், ஆக்கோவில் டாஃபே வைத்திருக்கும் 16.3 சதவீதப் பங்கு அப்படியே நீடிக்கிறது!

வெளிநாட்டு முதலீடு வந்தால் உள்ளூர்க் கம்பெனி வளருமா, அமுங்குமா? பணத்தோடு வித்தையும் கைமாறுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். திருமங்கலம் கரிசலில் கொழு ஆழமாக இறங்கி இழுவை கூடினால், ஹைட்ராலிக் தானே கலப்பையைச் சற்றுத் தூக்கிக் கொடுக்கிறதல்லவா? அந்த மூன்று புள்ளி இணைப்பு ஹாரி பெர்குசன் உருவாக்கியது. அதை இங்கேயே செய்யக் கற்றுக்கொண்ட டாஃபே, 2005-ல் ஐஷர் டிராக்டர் தொழிலையே வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. பங்கை விற்றுவிட்டுப் போகிறவர் அந்தக் கைப்பழக்கத்தை எடுத்துப் போக முடியாது.

எல்லாக் கூட்டும் இப்படி முடிவதில்லை. ஜான் டியர் புனேயில் எல் அண்ட் டி-யுடன் சேர்ந்துதான் தொடங்கியது. 2005-ல் எல் அண்ட் டி பங்கை ஜான் டியரே வாங்கிக்கொண்டது. வண்டி நல்ல வண்டிதான், ஆனால் தொழில் முழுக்க வெளிநாட்டுக் கைக்குப் போய்விட்டது. அதேசமயம் பவர் ஸ்டீரிங், ஆயில் பிரேக் எல்லாம் நம் வண்டிகளில் சாதாரணமானதற்கு அந்தப் போட்டியும் ஒரு காரணம் என்பேன்.

எனக்கு இருக்கும் கவலை ஸ்பேர் பற்றியது அல்ல. 2,200 கோடி பங்குக்குப் போய்விட்டது. புதிய எஞ்சினுக்கும், நம் சிறு வயலுக்கேற்ற கருவிகளுக்கும் இனி டாஃபே சொந்தமாக எவ்வளவு செலவிடும்? அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் வரும் மாடல்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போதைக்கு, "கம்பெனியே போயிடுச்சு" என்று சொல்லி உங்கள் பழைய மாஸியை யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். புது வண்டி வாங்குவோர் பில்லைப் பாருங்கள். 22 செப்டம்பர் 2025 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. பின் டயருக்கும் பல உதிரி பாகங்களுக்கும் 18-லிருந்து 5 சதவீதம். பில் இல்லாமல் ஸ்பேர் வாங்கினால் இந்தக் குறைப்பு உங்களுக்கு வந்ததா என்பதே தெரியாது.